பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் தகராறு: அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

போன ஐப்பசியில், அடைமழை நேரத்தில், அச்சகம் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் தன் சிபியுவை சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஐடிஇ டிஸ்க் (அகலப் பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய ரகம்), பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர். பதினைந்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் என்பதால் புது கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் கண்டபடி மாறிவிடும். அதனால்தான் அந்தப் பெட்டியை அவர் விடாமல் வைத்திருக்கிறார்.

"தம்பி, டிஸ்க் செத்துப்போச்சுங்காங்க. பார்மட் போட்டுப் பாக்கவான்னு கேக்காங்க. நான் வேண்டாம்னு சொல்லிட்டு எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

நல்ல காரியம் செய்தார். ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டிலிருந்து ஓடும் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் டிஸ்கின் மாடல் பெயர் வந்தது, ஆனால் நடுநடுவே எழுத்து மாறிக் குளறலாக வந்தது. அதைப் பார்த்ததுமே பாதி பயம் போய்விட்டது. டிஸ்க் தன் பெயரைச் சொல்வதும் அந்தப் பட்டைக் கேபிள் வழியாகத்தான். அதிலுள்ள 16 டேட்டா கம்பிகளில் ஒன்று அறுந்தாலே பெயர் இப்படிக் குளறும். கழற்றிப் பார்த்தேன். கேபினெட்டின் பக்கத் தகட்டில் மாட்டி, கனெக்டருக்கு ஒட்டினாற்போல் கேபிள் நசுங்கியிருந்தது. வேறு கேபிள் போட்டதும் எக்ஸ்பி எழுந்து வந்தது. பார்மட் போட்டிருந்தால் நல்ல டிஸ்கில் இருந்த பதினைந்து வருஷ வேலையும் கேபிள் குறைக்காகப் போயிருக்கும்.

பழைய பெட்டி எது வந்தாலும் நான் மாற்றாத வரிசை ஒன்று உண்டு: முதலில் டேட்டா, அடுத்து டிஸ்க், கடைசியில்தான் விண்டோஸ். இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பெரும்பாலான இழப்பு வருகிறது. கீழே உள்ளதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பெட்டி காட்டும் அறிகுறிக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கேபினெட்டில் பெயின்ட் படாத உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் எந்தக் கேபிள் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கின் மேல் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் என்றால் உள்ளே தட்டு வினாடிக்கு 120 முறை சுற்றுகிறது. டேட்டாவைப் படிக்கும், எழுதும் ஹெட் அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அந்த இடைவெளிக்குப் பாறாங்கல்.

இன்னொரு கேள்வியும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் இருப்பது வேறெங்காவது இருக்கிறதா? இல்லை என்றால், சந்தேகப்படும் டிஸ்கை ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் செலவுக் கணக்குதான். என்ன பார்க்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு ஆன் செய்யுங்கள். சும்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பயாஸில் டிஸ்கின் பெயரே வரவில்லை

ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். பிரைமரி மாஸ்டர், செகண்டரி மாஸ்டர் என்று வரும் பட்டியலில் பெயர் இல்லையென்றால், அணைத்துவிட்டு டிஸ்கின் மேல் விரலை வைத்தபடி மறுபடி ஆன் செய்யுங்கள். மெல்லிய அதிர்வு வருகிறதா? அதுதான் தட்டு சுற்றுகிறதா என்பதற்கு அடையாளம்.

சுற்றவே இல்லை என்றால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். ஐடிஇ டிஸ்குக்கு வரும் நாலு கம்பி பிளக்கில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் எர்த். பத்து இருபது தடவை கழற்றி மாட்டியதில் பிளக்கின் உள்ளே இருக்கும் குழல்கள் அகன்று தொளதொளத்துப் போயிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வரும் வேறு ஒரு பிளக்கை மாட்டிப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சளில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே, சிவப்பில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்க வேண்டும். டிஸ்க் மாட்டிய நிலையில் அளக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சும்மா அளக்கும்போது சரியாகக் காட்டும் எஸ்எம்பிஎஸ், டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும்போது படுத்துவிடும்.

மதர்போர்டையும் ஒரு பார்வை பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளிலும் எஸ்எம்பிஎஸ்களிலும் கெட்ட கெபாசிட்டர்கள் ஏராளமாகப் புகுந்துவிட்டன. தலை தட்டையாக இருக்க வேண்டிய கெபாசிட்டர் பூரி மாதிரி உப்பியிருந்தால், அல்லது அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தால், டிஸ்கைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பிளக்கும் வோல்ட்டேஜும் சரி, ஆனாலும் டிஸ்க் அசையவில்லை, சர்க்யூட் போர்டில் கருகல் வாசனை வருகிறது என்றால் போர்டு அடிவாங்கியிருக்கிறது. அதே மாடல் டிஸ்கின் போர்டை வாங்கி மாட்டினால் ஓடிவிடும் என்று பலர் சொல்வார்கள். மிகப் பழைய டிஸ்குகளில் ஓடும். அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகளைப் போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தச் சிப்பையும் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைக்காமல் பயனில்லை. சால்டரிங்கில் கை தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

இனி, சுற்றுகிறது, ஆனால் பெயர் வரவில்லை என்ற நிலை. எனக்கு வரும் பழைய பெட்டிகளில் இதுதான் அதிகம். நிறையச் சமயம் ஜம்பர்தான் காரணமாக இருக்கும்.

ஒரு ஐடிஇ கேபிளில் இரண்டு சாதனம் மாட்டலாம். எது மூத்தது, எது இளையது என்று டிஸ்கின் பின்பக்கத்து ஊசிகளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுச் சொல்ல வேண்டும். மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்று மூன்று இடம். சிடி டிரைவும் டிஸ்கும் ஒரே கேபிளில் இருந்து இரண்டுமே மாஸ்டர் என்றால் இரண்டும் வராது, அல்லது ஒன்று வந்து ஒன்று போகும். எப்படிப் போடுவது என்ற படம் பெரும்பாலும் டிஸ்கின் லேபிளிலேயே இருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகளில் கூடுதலாக ஒரு நுணுக்கம்: கேபிளில் அது மட்டும் தனியாக இருந்தால் 'சிங்கிள்' என்ற தனி அமைப்பு உண்டு, மாஸ்டர் ஜம்பரை எடுத்துவிட வேண்டும். மாஸ்டரிலேயே விட்டால் இல்லாத ஸ்லேவுக்காகக் காத்துக்கொண்டு பயாஸே நின்றுவிடலாம். சிடி டிரைவைக் கழற்றிய மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த ஜம்பரைத்தான்.

கேபிளிலும் இரண்டு ரகம். 40 கம்பி உள்ளது பழையது, 80 கம்பி உள்ளது பிந்தியது. இரண்டுக்கும் கனெக்டர் ஒன்றுதான்; பட்டையின் வரிகள் மெல்லியதாக நெருங்கியிருந்தால் 80. அதில் நீலமுனை மதர்போர்டுக்கு, எதிர்முனையில் இருக்கும் கறுப்பு மாஸ்டருக்கு, நடுவே உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. பட்டையின் ஓரத்தில் ஓடும் சிவப்புக்கோடு டிஸ்கின் பவர் பிளக் பக்கம் வர வேண்டும். அழுத்தினால் இறங்க மறுக்கிறதென்றால் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பலம் காட்டினால் ஊசி வளையும். வளைந்துவிட்டால் பேனாக் கத்தி முனையால் மெதுவாக, ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும்.

ஐடிஇக்குப் பிறகு வந்த, மெல்லிய கேபிள் கொண்ட சாட்டா டிஸ்க் என்றால் ஜம்பர் தொல்லை இல்லை. ஆனால் தொடக்க காலத்து சாட்டா கேபிள்களில் பூட்டிப் பிடிக்கும் கொக்கி கிடையாது. பெட்டியை நகர்த்தினாலே கழன்று வரும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. டிஸ்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டை நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றலாம். இது உள்ளிருக்கும் தட்டுகளைத் திறப்பதாகாது. போர்டின் மறுபக்கம், உள்ளே இருக்கும் ஹெட்டோடு தொடுவதற்காகச் சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். பளபளக்க வேண்டியவை உப்புக்காற்றில் கறுத்துப் போயிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டுங்கள். இதை மட்டும் செய்து எழுந்து வந்த டிஸ்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

2008, 2009 வாக்கில் வந்த சீகேட் பாரகூடா 7200.11 வரிசை டிஸ்க் என்றால் வேறு கதை. அதன் ஃபர்ம்வேரிலேயே (டிஸ்கை இயக்கும் உள் மென்பொருள்) ஒரு பிழை இருந்தது. டிஸ்க் சத்தமில்லாமல் அழகாகச் சுற்றும், பயாஸுக்கு மட்டும் பதில் சொல்லாது. தட்டில் இருக்கும் டேட்டா அப்படியே இருக்கும். சீரியல் கேபிள் வழியாக அதன் போர்டோடு பேசி எழுப்பத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் கொண்டுபோங்கள்.

முதல் தடவை வராது, ரீசெட் அழுத்தினால் வரும்

காலையில் மட்டும் இப்படி நடக்கிறதா? பயாஸ் தேடும் நேரத்துக்குள் தட்டு முழு வேகத்தை எட்டவில்லை. பயாஸில் குவிக் பூட்டை நிறுத்தினால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அது தற்காலிகத் தீர்வுதான். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் மோட்டார் தளர்ந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கே டேட்டாவை எடுத்துவிடுங்கள்.

டக்... டக்... டக்...

ஒரே தாளத்தில், சுவர்க்கடிகாரம் போல, டக் டக் என்று அடித்துவிட்டு அமைதியாகி மறுபடி தொடங்குகிறதா? தட்டில் எழுதியிருக்கும் வழிகாட்டிக் குறிகளை ஹெட் படிக்க முடியாமல் தேடி, கிடைக்காமல், ஓரத்துக்குத் திரும்பி வந்து முட்டும் சத்தம் அது.

அணையுங்கள். ஒரே ஒரு சோதனைக்குத்தான் இடம் உண்டு. டிஸ்குக்கு வரும் பவர் பிளக் ஒய் மாதிரிப் பிரியும் இணைப்பிலிருந்து வந்தால் அதை விலக்கி, நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, முடிந்தால் நல்ல வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொடுத்து ஒருமுறை ஆன் செய்யுங்கள். 12 வோல்ட் குறைந்தாலும் இதே சத்தம் வரும். சத்தம் நின்றால் தப்பித்தீர்கள். நிற்கவில்லை என்றால் அந்த டிஸ்கை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. தூசி வடிகட்டிய அறையும் அதே மாடலின் ஹெட்டும் வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆட்களுக்குத்தான் அது வேலை. செலவு கணிசமாக ஆகும், அதனால் உள்ளே இருப்பது அந்தச் செலவுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃப்ரீசரில் வைத்தால் எழுந்துவிடும் என்ற பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த சொம்பு எப்படி வியர்க்கிறது என்று பார்த்திருப்பீர்கள். டிஸ்கிலும் அதே ஈரம் சேரும். தயவுசெய்து வேண்டாம். கரகரவென்று தேய்க்கும் சத்தம் வந்தால் டக் டக்கைவிட மோசம்: ஹெட் தட்டையே சுரண்டுகிறது. ஒரு நொடிகூட ஓடவிடாதீர்கள்.

பயாஸில் பெயர் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பதறாமல் முதலில் முன்பக்கத்தைப் பாருங்கள். பென் டிரைவோ ஃப்ளாப்பியோ செருகியபடி இருந்தால் "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" அல்லது "இன்வாலிட் சிஸ்டம் டிஸ்க்" என்று வரும்.

அடுத்து பயாஸில் தேதியைப் பாருங்கள். வருஷம் பல ஆண்டு பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032, 3 வோல்ட், பல கடைகளில் கிடைக்கும். பேட்டரி தீர்ந்தால் தேதி மட்டும் போகாது. பூட் வரிசையும் சாட்டா அமைப்பும்கூடத் தொடக்க நிலைக்குப் போய்விடும். முன்பு ஐடிஇ முறையில் இருந்த சாட்டா, ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாறிவிட்டால், அதற்கான டிரைவர் இல்லாத எக்ஸ்பி நீலத்திரை காட்டி நிற்கும். ஸ்டாப் கோடு 7பி என்று முடியும். டிஸ்க் போய்விட்டது என்று எண்ணிப் புதிதாக விண்டோஸ் போட்டுவிடுவார்கள். பேட்டரியை மாற்றி, சாட்டாவை மறுபடி ஐடிஇ முறைக்குக் கொண்டுவந்தால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் எக்ஸ்பி சிடியின் ரெக்கவரி கன்சோலில், பூட் பகுதியைத் திருத்தும் ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் உண்டு. இரண்டும் டிஸ்கில் எழுதும் கட்டளைகள். ஆகவே டேட்டா வெளியே வந்த பிறகு.

ஓடுகிறது, ஆனால் மாட்டுவண்டி வேகம்

இதில் இரண்டு நோய் ஒரே முகத்தோடு வரும், பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாட்டு திக்குகிறது, மௌஸ் ஒட்டிக்கொள்கிறது, எந்நேரமும் ஒரே சீராக மெதுவாக இருக்கிறது என்றால் முதல் நோய். எக்ஸ்பியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ கன்ட்ரோலர் வரிசையில் பிரைமரி சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாருங்கள். கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் அல்ட்ரா டிஎம்ஏ இருக்க வேண்டும். பிஐஓ என்று இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். டிஸ்கோடு பேசும்போது ஆறு தடவை பிழை வந்தால் எக்ஸ்பி தானாகவே வேகத்தைக் குறைத்து, கடைசியில் பிஐஓவுக்கு இறங்கிவிடும். மறுபடி தானாக ஏறாது. பிஐஓவில் ஒவ்வொரு துண்டு டேட்டாவையும் பிராசஸரே தூக்கிச் சுமக்க வேண்டியிருப்பதால்தான் மௌஸ்கூடத் திணறுகிறது. பிழைக்குக் காரணமான கேபிளை முதலில் மாற்றுங்கள். பிறகு அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து பழைய வேகத்துக்கு ஏற்றிவிடும்.

இரண்டாவது நோய் விட்டுவிட்டு வரும். ஒரு குறிப்பிட்ட ஃபைலைத் திறக்கும்போது டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, திரை உறைகிறது, அரை நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காதது போல நகர்கிறது. படிக்க முடியாத செக்டாரை (தட்டில் டேட்டா எழுதும் சிறு துண்டு) டிஸ்க் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது. ஈவென்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரில் 7-ஆம் எண் பிழை இருந்தால் பேட் செக்டார் உறுதி. 11 என்றால் பெரும்பாலும் கேபிள், கன்ட்ரோலர் பக்கம் தேடுங்கள்.

இங்கே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பார்ப்பது பெரிய உதவி. பட்டியல் நீளம், நான் பார்ப்பது நான்குதான். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, திருத்தவே முடியாதவை. 199 மட்டும் வேறு: கேபிளில் டேட்டா சிதைந்த கணக்கு. கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது. குறித்து வைத்து, மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் வேலை முடிந்தது. இன்னொன்று, அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். 10 என்று தெரிந்தால் உண்மையில் 16.

197 ஏறிக்கொண்டே போகும் டிஸ்குக்கு நாள் எண்ணத் தொடங்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் போய்விடும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையில், கெட்டுப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எதிலுமே எச்சரிக்கை காட்டாமல் போயின என்றும் இருக்கிறது. ஸ்மார்ட் கெட்டது என்றால் நம்புங்கள். நல்லது என்றால் பாதிதான் நம்புங்கள்.

விண்டோஸின் செக் டிஸ்க் ஓட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நலிந்த டிஸ்கில் வேண்டாம். மணிக்கணக்கில் மூலை முடுக்கெல்லாம் படிக்கவைத்து அலைக்கழிப்பதோடு, புரியாத ஃபோல்டர்களை அதுவே வெட்டித் திருத்தியும் எழுதிவிடும்.

"பார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கிறது

வேண்டாம் என்று அழுத்துங்கள். ஃபைல்களின் அட்டவணை கெட்டிருக்கிறது, ஃபைல்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கீழே சொல்லும் முறையில் நகல் எடுத்து, அந்த நகலில், அட்டவணையை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளை ஓட்டுங்கள்.

கொள்ளளவு தப்பாகக் காட்டுகிறது

80 ஜிபி டிஸ்க் 74.5 என்று காட்டுவது கோளாறு இல்லை, கணக்கிடும் முறை வேறு. 160 ஜிபி டிஸ்க் 128 என்று காட்டினால்தான் கவனிக்க வேண்டும்: பயாஸோ, சர்வீஸ் பேக் 1 போடாத எக்ஸ்பியோ 28 பிட் முகவரியோடு நிற்கிறது. அந்த எல்லை டிஸ்க் கம்பெனிக் கணக்கில் 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. அந்த நிலையில் டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள், எல்லையைத் தாண்டி எழுதுவது தொடக்கத்துக்கே திரும்பிப் போய் அட்டவணையை அழித்துவிடக்கூடும். எந்த டிஸ்கும் 32 ஜிபி என்று காட்டினால், பழைய பயாஸுக்காகக் கொள்ளளவைக் குறைக்கும் ஜம்பர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டாவை வெளியே எடுப்பது

ஃபைல் ஃபைலாக இழுத்துப் போடாதீர்கள்; ஒரு பேட் செக்டாரில் மாட்டினால் அங்கேயே நிற்கும். டிஸ்கைக் கழற்றி, கொஞ்சம் புதிய கம்ப்யூட்டரில் நேராகவோ யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகவோ மாட்டி, லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே அதிலிருந்து ஓடுவது) எழுப்புங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ போதும். விண்டோஸில் மாட்டினால் கேட்காமலேயே எழுதிவிடும் என்பதால்தான் லினக்ஸ். அதிலுள்ள டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க வருவதையெல்லாம் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைத்து, பிறகு வந்து பொறுமையாகச் சுரண்டும். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் ஃபைலை மட்டும் தனி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், அடுத்து புதியது. மாற்றிப் போட்டால் காலி டிஸ்க் பழையதன் மேல் ஏறிவிடும். நான் இரண்டு டிஸ்கின் சீரியல் எண்ணையும் காகிதத்தில் எழுதி, திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர் தட்டுவேன். டிஸ்குக்கு மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடட்டும்.

அண்ணாச்சியின் டிஸ்குக்கும் இதைச் செய்தேன். கேபிள்தான் குற்றவாளி என்றாலும் 5-ஆம் எண்ணில் சில செக்டார்கள் ஏறியிருந்தன. ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டியை ஐடிஇ கன்வெர்ட்டரில் பொருத்தி, அதற்குள் அப்படியே நகல் எடுத்தேன். பழைய டிஸ்கில் தேதியை எழுதி ஒட்டி, காற்றுப் புகாத உறையில் போட்டு அவரிடமே கொடுத்தேன்.

நகல் சரியா என்று பார்க்க விண்டோஸ் எழுந்தால் மட்டும் போதாது. "பழசுல ஒண்ணைத் திறந்து பாருங்க அண்ணாச்சி" என்றேன். 2006-ஆம் வருஷத்துக் கொடை நோட்டீஸ் ஒன்றைத் திறந்தார். திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது. வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துவிட்டு, அடுத்த ஃபைலைத் திறந்தார்.